விதைப் பெட்டியின் சாவி யாரிடம்?

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து நெல் ரகம் ஒன்று இருக்கிறது. நார்வேயில் உள்ள உலக விதைப் பெட்டகத்துக்கு அனுப்பலாமா? வெளிநாட்டுக்காரர்கள் சொந்தம் கொண்டாடிவிட மாட்டார்களா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

அனுப்பினாலும் வாங்க மாட்டார்கள். 2008இல் திறந்த ஸ்வால்பார்டு பெட்டகத்தில் விதை வங்கிகள்தான் தங்கள் சேமிப்பின் இன்னொரு படியை வைக்கலாம். சொந்தம் கொண்டாடும் பயமும் வேண்டாம். பேங்க் லாக்கர் கணக்குத்தான்: கட்டடம் நார்வே அரசுடையது, பெட்டி வைத்தவருடையது. அவர் கேட்டால்தான் பெட்டி வெளியே வரும்.

2015இல் அப்படி வந்தது. சிரியாவில் அலெப்போ அருகே இருந்த இகார்டா ஆய்வு மையம் உள்நாட்டுப் போரில் சிக்கிக்கொண்டது. நல்லவேளை, கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை விதைகளை முன்கூட்டியே ஸ்வால்பார்டில் சேர்த்திருந்தார்கள். அவற்றை எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். 2017இல் ஒரு பகுதியைத் திரும்பவும் கொண்டுபோய் வைத்தார்கள். போருக்கு நடுவிலும் கணக்கைச் சரியாக வைத்திருந்த புண்ணியவான்கள்!

உங்கள் நெல்லுக்கு நார்வே வரை போவானேன்? 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்கீழ் 'உழவர் ரகம்' என்று பதிய விண்ணப்பிக்கலாம். உழவர்களுக்குக் கட்டணம் கிடையாது. நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். அதுவரை விதையைக் கோட்டையிலேயே பூட்டி வைக்காதீர்கள், முளைப்புத் திறன் போய்விடும். ஆண்டுதோறும் கொஞ்சமாவது விதையுங்கள். பக்கத்து ஊரில் நம்பகமான இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு மரக்கால் கொடுத்து வையுங்கள்.