உணவுக் கழிவிலிருந்து எரிவாயுவும் எருவும்

கொங்கு நாட்டுக் குடியானவர் வீடுகளில் மிஞ்சிய சோறும் அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டியில் சேர்ந்து மாட்டுக்குப் போவதே வழக்கம். மாடு உண்டது சாணமாகி, சாணம் எருவாகி, நிலத்திற்குத் திரும்பும். நகரத்து வீடுகளில் மாடு இல்லை. ஆகவே கோயமுத்தூரின் வீடுகளிலும் ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் சந்தைகளிலும் மிஞ்சும் உணவுப் பொருள்களில் பெரும் பகுதி கண்ணாடி, பிளாஸ்டிக் முதலியவற்றோடு கலந்து குப்பையாகிவிடுகிறது.

இக்குப்பை பல ஆண்டுகளாக நகரின் தென்கிழக்கேயுள்ள வெள்ளலூரில் குவிக்கப்பட்டு வந்தது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அக்குவியல் தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்தது. ஈரமான உணவுக் கழிவு குவியலின் அடியில் காற்றுப் படாமல் அழுகும்போது மீதேன் என்னும் எரியும் வாயு உண்டாகிறது. அது ஆகாயத்தில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கும். குவியலிலிருந்து வடியும் நீரோ நிலத்தில் இறங்கிக் கிணறுகளைக் கெடுக்கவல்லது. அதே கழிவை மூடிய கலனில் அழுகச் செய்தால், தீங்கு செய்யும் வாயு அடுப்புக்கு உதவும். எஞ்சும் குழம்பு வயலுக்கு எருவாகும்.

இம்முறை புதிதன்று. 1939-ஆம் ஆண்டிலேயே தில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் சாணத்திலிருந்து வாயு எடுக்கும் சோதனைகள் நடைபெற்றன. பிற்காலத்தில் கதர் கிராமத் தொழில் கமிஷன், மிதக்கும் வாயுத் தொட்டியுடைய கலனைக் கிராமங்களில் பரப்பியது. 1984-இல் செங்கல்லால் பூமிக்குள் கட்டப்படும் தீனபந்து கலன் வந்தது. சென்னைக் கோயம்பேடு அங்காடியில், நாளொன்றுக்கு 30 டன் காய்கறி, பழக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலை 2005-இல் நிறுவப்பட்டது. சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் ஜவ்வரிசி ஆலைகள் பல மரவள்ளிக் கழிவுநீரிலிருந்து வாயு எடுத்து வருகின்றன.

வாயு உண்டாகும் விதம்

கலனை ஒரு மாட்டின் வயிறு என்றே கருதலாம். அதனுள் ஒருவகை நுண்ணுயிர்கள் உணவைக் கரைத்துப் புளிப்பாக்குகின்றன. மற்றொரு வகை அப்புளிப்பை உண்டு மீதேனை வெளியிடுகின்றன. இவ்விரண்டாம் வகை மெதுவாகப் பெருகுவது; மிகுந்த புளிப்பைத் தாங்காதது. மாட்டின் இரைப்பையிலும் இவ்வினத்து உயிர்கள் இருப்பதால், பாலுக்கு உறைமோர் எப்படியோ அப்படியே புதுக் கலனுக்குச் சாணம்.

1 கிலோ சாணம் ஏறக்குறைய 40 லிட்டர் வாயு தரும். 2 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் 50 கிலோ சாணமும் அதே அளவு நீரும் வேண்டும். நான்கைந்து மாடுகள் உள்ள குடும்பத்திற்கு இது ஏற்றது. சாணத்திலுள்ள சத்தின் ஒரு பகுதியை மாடு முன்னமே எடுத்துக்கொண்டுவிடுகிறது. உணவுக் கழிவு அவ்வாறன்று. ஆதலால் எடைக்கு எடை அது இரண்டு மூன்று மடங்கு வாயு தரக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

கல்யாண வீட்டுச் சோற்றை அளவின்றித் தின்ற மாடு வயிறு உப்பிச் சாய்வதைக் குடியானவர் அறிவர். கலனுக்கும் அக்கதியே நேரும். ஆகையால் முதலில் சாணக் கரைசலை மட்டும் இட்டு, வாயு நன்கு எரியத் தொடங்கிய பின்னரே, அரைத்த உணவுக் கழிவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவர வேண்டும். புளித்த வாடை வீசினாலும், சுடர் நில்லாமல் அணைந்தாலும், சில நாட்கள் கழிவை நிறுத்திச் சாணக் கரைசலை மட்டும் இடுதல் நலம்.

எலும்பு, முட்டை ஓடு, ஊறுகாய், மிகுதியான எலுமிச்சைத் தோல், சோப்பு நீர் ஆகியவற்றை விலக்குக. வாழை இலையை நறுக்கியே இட வேண்டும். முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்குமாதலால் அதனைக் கொளுத்தாமல் வெளியே விட்டுவிடுக. குழாயில் கசிவு உண்டா என்று சோப்பு நுரையால் பார்க்க வேண்டுமேயன்றி, தீக்குச்சியால் பார்க்கலாகாது.

எருவின் பயன்

வரட்டியாக எரித்தால் சாணத்தின் தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனிலோ அது குழம்பில் தங்குகிறது. ஆயினும் குழம்பை வெயிலில் காயவைத்தால் அச்சத்து பெருமளவு காற்றில் போய்விடும். ஆகவே வாய்க்கால் நீரோடு கலந்து வாழை, தென்னை, தீவனப் புல் ஆகியவற்றிற்குப் பாய்ச்சலாம். அல்லது எருக்குழியில் சருகோடு சேர்த்து மக்கவைக்கலாம்.

கிராம அதிகாரிகளுக்கு

கழிவைப் பிரிப்பதே இக்காரியத்தின் அடிப்படை. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்த குப்பை கலனுக்கும் ஆகாது, நிலத்திற்கும் ஆகாது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு சேரும் இடங்களை மொத்தக் கழிவாளர் என்று 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் வகுத்து, மக்கும் கழிவை இயன்றவரை அவ்விடத்திலேயே பக்குவப்படுத்த வேண்டுமென்றன. ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் தங்கள் எல்லையிலுள்ள மண்டபம், சந்தை, சத்துணவுக் கூடம் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். அங்கே இரண்டு தொட்டிகள் வைத்து, உணவுக் கழிவை அன்றன்றே கலன் உள்ளவரிடம் சேர்ப்பித்தால் போதும். குடியானவரும் கலந்த குப்பையை ஏற்க மறுத்து, பிரித்த கழிவையே பெறுவாராக. இவ்வொரு நிபந்தனை காக்கப்படுமாயின், கிணற்றைக் கெடுக்க வந்த பொருள் அடுப்புக்கும் வயலுக்கும் உதவும்.