மனசு வயசுக்கு வருவது எப்போது?



நம்ம லயத்தில் ஒரு பிள்ளை வயசுக்கு வந்தால் அன்றைக்கே கடைசிக் காம்பரா வரைக்கும் செய்தி போய்விடும். தாய்மாமன் வருவார், தலைக்குத் தண்ணி ஊற்றுவார்கள், உளுத்தங்களி கிண்டுவார்கள். பையனுக்கு மீசை அரும்பினால் “இளந்தாரி ஆயிட்டான்” என்பார்கள். உடம்பு வளர்ந்ததை எல்லாரும் பார்க்கிறோம். மனசு வயசுக்கு வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. அதற்குச் சடங்கும் இல்லை, சீரும் இல்லை. இந்த முறை நமது பாடம் அதைப் பற்றியது.

பேசாமல் இருப்பவரைப் பார்த்து “நல்ல பக்குவமான ஆள்” என்கிறோம். படித்தவரையும் அப்படித்தான் நினைக்கிறோம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. நான் அறிந்த ஒரு பெரியவர், அறுபது வயது, கங்காணியாக இருந்தவர். கலியாணப் பந்தியில் முதலில் உட்கார வைக்கவில்லை என்று சொந்தத் தங்கச்சியோடு மூன்று மாதம் பேசவில்லை. அதே லயத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, தம்பி தன் கொப்பியைக் கிழித்துப் போட்டபோது, “அவன் சின்னவன், நான்தான் மேல வச்சிருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் பசை தேடப் போனாள்.

மனமுதிர்ச்சி என்றால் கோபமோ, பயமோ, பொறாமையோ வராமல் இருப்பதல்ல. அவை எல்லாருக்கும் வரும். வந்த கோபத்துக்கும் நம் கைக்கும் வாய்க்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூளையின் முன்பகுதிதான் யோசித்து, அடக்கி, பின்விளைவைப் பார்க்கிற பகுதி. அது முழுதாக வளர இருபத்தைந்து வயதளவு ஆகும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஆகவே பதினேழு வயதுப் பையன் வெடுக்கென்று பேசினால் அது முழுவதும் திமிர் அல்ல. ஆனால் நாற்பது வயதில் நாம் அப்படிப் பேசினால் மூளையின் மேல் பழி போட முடியாது! எரிக் எரிக்சன் என்ற உளவியல் அறிஞர் 1950இல் வெளியிட்ட நூலில் மனித வாழ்க்கையை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். முதுமை வரை ஒவ்வொரு பருவத்திலும் மனசுக்கு ஒரு வேலை இருக்கிறது என்பது அவர் கருத்து.

இது எனக்கு நன்றாக விளங்கியது புத்தகத்தில் அல்ல, ஒரு பயணத்தில். 2018 ஆவணியில் எங்கள் டிவிசனிலிருந்து மூன்று குடும்பங்களோடு யாழ்ப்பாணம் போனேன். வடமராட்சியில் கடலோரமாக இருக்கிறது தொண்டைமானாறு. அங்கேதான் செல்வச்சந்நிதி முருகன் கோயில். கதிர்காமத்தைப் போலவே இங்கும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்கிறார்கள். கோயிலைச் சுற்றி மடங்கள், போகிறவருக்கெல்லாம் சோறு. அன்னதானக் கந்தன் என்றே அந்த முருகனுக்குப் பேர். “எந்த ஊர், என்ன ஆளு” என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதை எங்கள் ஆட்கள் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஆறு. பேர்தான் ஆறு. நம்ம மலையில் இறங்குகிற ஆறு மாதிரி இல்லை, கடலோடு சேர்ந்த நீரேரி. அதன் வாயில் கதவுகள் போட்ட அணை இருக்கிறது. பாலத்தில் நின்ற ஒரு பெரியவரிடம் எதற்கு இது என்று கேட்டேன்.

“தம்பி, இந்தக் கதவு எப்பவும் பூட்டிக் கிடந்தாலும் பிழை, எப்பவும் திறந்து கிடந்தாலும் பிழை” என்றார். கோடையில் திறந்து கிடந்தால் கடல் தண்ணி உள்ளே ஏறி நிலமும் கிணறும் உவர்ந்து போகும். ஐப்பசி கார்த்திகை மழையில் பூட்டியே கிடந்தால் வெள்ளம் வயலுக்குள் நிற்கும். மழை வெள்ளம் உள்ளே இருக்கிற உப்பைக் கழுவிக்கொண்டு கடலுக்குப் போகவேண்டும். பிறகு கதவைப் போட்டு, பிந்தி வருகிற மழைத் தண்ணியைத் தேக்கவேண்டும். ஒரு மாரியில் உவர் மாறாது, வருஷக்கணக்கில் செய்யவேண்டும். 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் என்பவர் யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு உண்டாக்கலாம் என்று திட்டம் போட்டபோது இந்த அணையும் அதில் ஓர் அங்கம். பழைய கதவுகள் பழுதாகி உப்புத் தண்ணி கசிந்த காலமும் உண்டு, போருக்குப் பிறகு திருத்தினார்கள். மீன் பிடிக்கிறவர்களுக்கும் கமக்காரருக்கும் கதவு விஷயத்தில் ஒரே எண்ணம் இல்லை என்றும் பெரியவர் சொன்னார். அது வேறு கதை.

நான் நம்ம சம்பள நாளை நினைத்தேன். மாதம் முழுக்க ஒன்றும் பேசாமல் கதவைப் பூட்டி வைத்திருக்கிற மனுஷன், அன்று இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் மொத்த வெள்ளத்தையும் பெண்சாதி பிள்ளை மேலே திறந்து விடுகிறான். இன்னொருவர் எந்த நேரமும் திறந்த வாய். பிரட்டுக்களத்தில் தொரை ஏசியதைக் கொண்டுவந்து அடுப்படியில் கொட்டுவார். பெண்கள் பலர் ஒருபோதும் திறப்பதில்லை. தலைவலி, நெஞ்செரிச்சல் என்று டிஸ்பென்சரிக்கு வருகிறவர்களில் சிலருக்கு உண்மையான நோவு மனசில் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். கோபம் வந்தால் “நடந்தது என்ன, நான் நினைச்சது என்ன” என்று இரண்டாகப் பிரியுங்கள். பெண்சாதி கொழுந்து நிறுத்துவிட்டு ஒரு மணி பிந்தி வருகிறாள். நடந்தது அவ்வளவுதான். “என்னை மதிக்கல” என்பது நாம் நினைத்தது. அடிக்க ஓங்கும் கைக்கு இந்த யோசனை போதாது. அந்த நேரத்தில் வாசலைத் தாண்டிப் பீலிக்கரை வரைக்கும் நடந்துவிடுங்கள். ஆறியதும் திரும்பி வந்து பேசவேண்டும். பேசாமல் விட்டால் அது பூட்டின கதவு.

எங்களோடு வந்த ஒரு தகப்பனும் மகனும் ஹட்டனில் ரயில் ஏறியதிலிருந்து பேசவில்லை. பையன் உயர்தரத்தில் தவறியிருந்தான். தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்ற பேரைப் படிக்கிற பிள்ளைகள் அறிவார்கள். உயர்தர மாணவருக்குத் தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிக்கிற நிலையம் அது. பேர்ப்பலகையைக் கண்டதும் பையன் என்னிடம் சொன்னான்: “இந்தப் பேப்பர் நாங்களும் செஞ்சிருக்கோம் ஐயா. இதுல முப்பது எடுத்தா, எங்க பிழைன்னு சேந்து பாப்போம். பெரிய சோதனைல பெயிலானா மட்டும் வீட்டுல பேச்சே இல்ல.”

தகப்பன் இரண்டு அடி பின்னால்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி மடத்தில் பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்தப் பாடம் விட்டுப்போனது என்று கேட்டார். பையன் மறுபடி எழுதினான். சித்தி கிடைத்தது, பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இப்போது கணக்கு வேலை பார்க்கிறான்.

யாழ்ப்பாணத்தில் பல வருஷம் பணியாற்றிய மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று எழுதியிருக்கிறார். ஆற்றுவதும் குடும்பமாக, ஊராகச் செய்யவேண்டியது என்பது அவர் வழி. ஒரு சுவருக்கு இரண்டு வீடு இருக்கிற லயத்தில் வாழும் நமக்கும் இது பொருந்தும். ஒன்று மட்டும் கவனியுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, உயிரை விடலாம் என்ற நினைப்பு என்றால் அது பக்குவக் குறைவு அல்ல, நோய். உடனே வைத்தியரிடம் போகவேண்டும். 1926 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

இவ்வளவு எழுதுகிற நான் எப்படி என்று கேட்பீர்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு அக்கா சேமலாப நிதிப் பாரம் என்ன ஆனது என்று மூன்றாம் முறை கேட்டு வந்தார். “நீங்க குடுக்கவே இல்ல” என்று ஆட்கள் முன்னால் சத்தம் போட்டேன். அடுத்த வாரம் என் மேசை லாச்சியிலேயே பாரம் இருந்தது. அதை மட்டும் அனுப்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்க நான்கு மாதம் ஆனது. அவர் வருகிற பாதையை விட்டுவிட்டு வேறு பாதையில் போனேன். கடைசியில் கொழுந்து நிறுக்கிற இடத்தில், அதே ஆட்கள் முன்னால், “அக்கா, பிழை என் மேலதான்” என்றேன்.

“அது அன்னைக்கே தெரியும் ஐயா” என்றார் அவர். “மகளுக்கும் ஒரு பாரம் போடணும். நாளைக்கு வரட்டுமா?”