நேரம் முதலில், பாடத்திட்டம் பிறகு: டெல்டாவில் வீட்டுக்கல்விக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்து தஞ்சாவூர், கும்பகோணம், கூத்தாநல்லூர் பக்கம் சில ஆண்டுகள் தங்கப்போகும் குடும்பங்களில் சில, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காமல் வீட்டிலேயே படிக்கவைக்க நினைக்கின்றன. அப்படி நினைத்ததும் அவர்கள் முதலில் தேடுவது பாடத்திட்டத்தைத்தான். எந்த வாரியம், எந்த நாட்டுப் புத்தகம், எந்த இணையப் பள்ளி என்று மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப வீட்டையும் நேரத்தையும் அமைத்துக்கொள்கிறார்கள். இந்த வரிசை தவறு என்பது என் கருத்து. நாளில் எந்த மணிநேரம் படிப்புக்கு, ஆண்டில் எந்த மாதங்கள் படிப்புக்கு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒத்துவரும் பாடத்திட்டமும் ஊரும் அதன் பிறகு. வேறு இடங்களில் எப்படியோ, வெயிலும் மழையும் ஆற்றுத் தண்ணீரும் ஊரின் வேலையை நடத்துகிற காவிரிப் படுகையில் இந்த வரிசை மாறினால் பிள்ளை ஊருக்குள் வந்து சேரவே முடியாது.

சட்டத்தைப் பற்றிய அச்சத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அதே சட்டத்தின் நான்காம் பிரிவு, இதுவரை பள்ளிக்குப் போகாத பிள்ளையையும் வயதுக்கு உரிய வகுப்பில் சேர்க்க வழி செய்கிறது. வீட்டில் தொடங்கிவிட்டு இரண்டு வருடம் கழித்து மனம் மாறினாலும் கதவு சாத்தியிருக்காது.

இனி நேரக் கணக்கு. நேரலை வகுப்பு நடத்தும் வெளிநாட்டு இணையப் பள்ளிகள்தான் பலருக்கும் முதலில் கண்ணில் படுகின்றன. பழைய ஆசிரியர், பழைய நண்பர்கள், பழகிய புத்தகம் என்று அதில் ஒரு ஆறுதல் இருப்பது உண்மை. ஆனால் நியூயார்க்கில் காலை 9 மணிக்குத் தொடங்கும் வகுப்பு தஞ்சாவூரில் கோடைகாலக் கணக்குப்படி மாலை 6.30க்கும், குளிர்காலக் கணக்குப்படி 7.30க்கும் தொடங்கும். ஆறு மணிநேரம் ஓடினால் நள்ளிரவைத் தாண்டிவிடும். அந்தப் பிள்ளை மறுநாள் எழுந்திருக்கும்போது வெயில் ஏறியிருக்கும். இந்த ஊரில் வெளியே நடமாடத் தகுந்த நேரம் விடியற்காலையிலிருந்து பத்து மணிவரையும், மாலை நான்கரைக்குப் பிறகும்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து தெருவில் இறங்குவது அந்த மாலையில். ஒன்றை உறங்கிக் கழித்து, மற்றதைத் திரைக்கு முன்னால் கழித்தால் மிச்சமிருப்பது நடுப்பகல் மட்டுமே. லண்டன் பள்ளி மதியம் ஒன்றரைக்கோ இரண்டரைக்கோ தொடங்கி மாலையை முழுவதும் விழுங்கும். சிங்கப்பூரின் 8 மணி இங்கே விடியற்காலை 5.30, துபாயின் 8 மணி இங்கே 9.30. கிழக்கிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருபவர்களுக்கு நேரலை வகுப்பு அவ்வளவு தீங்கு செய்யாது. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. அந்தப் பாடத்திட்டம்தான் வேண்டுமென்றால் பதிவுசெய்த பாடங்களையும் அச்சுப் புத்தகங்களையும் வாங்கி, காலை 6 மணியிலிருந்து 10.30க்குள் முடித்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளையோ இரண்டு பிள்ளைகளோ படிக்கும் வீட்டில் நான்கரை மணிநேரம் தாராளம்.

நாளுக்குச் சொன்னது ஆண்டுக்கும் பொருந்தும். மே மாதக் கத்திரியில் இங்கே படிப்பு ஓடாது. மாநிலப் பள்ளிகள் அந்த மாதத்தில் மூடிக்கிடப்பது காரணத்தோடுதான். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. புயல் வந்தால் மின்சாரம், இணையம், சாலை மூன்றும் ஒன்றாகப் போகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு உட்பகுதிக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் இருந்தன. எல்லாப் பாடமும் திரையில்தான் என்று வைத்துக்கொண்ட குடும்பம் அப்படிப்பட்ட வாரங்களில் படிப்பையே நிறுத்த வேண்டிவரும். மழை மாதங்களுக்குக் காகிதப் புத்தகம், கத்திரிக்கு விடுமுறை, ஜூன் முதல் செப்டம்பர் வரையும் தை முதல் பங்குனி வரையும் கடினமான பாடங்கள் என்று பிரித்துக்கொள்வது இந்த மண்ணுக்குப் பொருந்தும்.

ஜூன் என்று சொல்வதற்கு வானிலையை விடப் பெரிய காரணம் உண்டு. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அணை 1934இல் முடிந்தது முதல் டெல்டாவின் விவசாய ஆண்டு அந்தத் தேதியைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. ஆனால் தேதி ஒவ்வோர் ஆண்டும் நிற்பதில்லை. 2022இல் நீர்வரத்து நன்றாக இருந்ததால் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன் முந்தியது, ஏன் பிந்தியது என்று கேட்கத் தொடங்கும் பிள்ளை, தென்மேற்குப் பருவமழை குடகு மலையில் பெய்வதையும், கர்நாடக அணைகள் நிரம்புவதையும், 120 அடி உயரத்தில் 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) கொள்ளும் நீர்த்தேக்கத்தின் கணக்கையும், இரண்டு மாநிலங்களின் வழக்கையும் ஒரே சரட்டில் படித்துவிடும். புவியியல், கணக்கு, குடிமையியல் என்று தனித்தனி புத்தகம் தேவைப்படாத இடம் இது. அந்தத் தண்ணீரில் தொடங்கும் குறுகிய கால நெல் பருவமான குறுவையின் ரகங்கள் ஏறத்தாழ 110 நாளில் விளைகின்றன. நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, கதிர் வருதல், பால் பிடித்தல், அறுவடை என்று ஒரு பயிரின் வாழ்க்கை முழுவதும் ஒரு பருவப் படிப்புக்குள் அடங்குகிறது. குளிர்நாட்டுப் பாடநூல் பனி உருகி மொட்டு விடும் மரத்தைக் காட்டி எதைக் கற்பிக்க நினைக்கிறதோ, அதைக் கதவைத் திறந்தால் தெரியும் வயலில் வாரந்தோறும் அளந்து எழுதலாம். 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள்தான் சுற்றிலும் நிற்கின்றன. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்ற கணக்கு இன்றும் பேச்சில் இருக்கிறது. அதை ஏக்கருக்கு மாற்றச் சொன்னால் பின்னக் கணக்கு தானாக வரும். பள்ளியின் கால அட்டவணை தண்ணீருக்காகத் தள்ளிப்போகாது. வீட்டின் அட்டவணை தள்ளிப்போக முடியும். டெல்டாவில் வீட்டுக்கல்விக்கு இருக்கும் உண்மையான அனுகூலம் இதுதான். வெளிநாட்டு அட்டவணையை அப்படியே பின்பற்றும் குடும்பம் இதைக் கைவிடுகிறது.

இப்போது பாடத்திட்டங்களை ஒப்பிடலாம். பதினான்கு வயதுக்குக் கீழே இது பெரிய கேள்வியே அல்ல. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் பழைய நாட்டுப் புத்தகத்தையே தொடரலாம். பொதுத்தேர்வு நெருங்கும்போது மூன்று வழிகள் உண்டு. முதலாவது, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று இரண்டு பருவம். மழைக்காலத்தில் தேர்வு மையத்துக்கு அலைவதைத் தவிர்க்க ஏப்ரல் பருவத்தையே நான் பரிந்துரைப்பேன். இரண்டாவது, கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தனியாக எழுதுவது. பாடங்கள் ஆழமானவை. அறிவியலில் ஆய்வகத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத் தாள் எடுக்க முடியும் என்பதால் வீட்டில் படிப்பவர்களுக்கு வசதி. ஆனால் கட்டணம் பல மடங்கு அதிகம். வெளியாரை எழுத அனுமதிக்கும் பள்ளியைப் பெருநகரங்களில் தேடிப் பிடிக்க வேண்டும். அதை உறுதி செய்யாமல் புத்தகம் வாங்கக் கூடாது. மூன்றாவது, மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுதுவது. தமிழ்த் தாள் உண்டு, செலவு மிகக் குறைவு, தமிழ்நாட்டு அரசுப் பணியோ மாநிலக் கல்லூரியோ குறிக்கோளாக இருந்தால் கேள்விக்கு இடமில்லாத சான்றிதழ். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய நெருக்கடிதான் அதன் குறை. சில ஆண்டுகள் தங்கி, இந்தியக் கல்லூரிக்கும் வெளிநாட்டுக் கல்லூரிக்கும் வாய்ப்பைத் திறந்து வைக்க நினைக்கும் சராசரிக் குடும்பத்துக்குத் திறந்தநிலைப் பள்ளியே ஏற்றது. அதன் நெகிழ்வுதான் தண்ணீர் வரத்தைச் சுற்றி அமையும் ஆண்டோடு ஒத்துப்போகிறது.

திரும்பிப் போனால் இது செல்லுமா என்பது நியாயமான கேள்வி. இரண்டு ஆண்டுக்குள் திரும்புவது உறுதி என்றால் என் வாதம் அவர்களுக்குப் பாதியளவே பொருந்தும். அவர்கள் பழைய நாட்டுப் பாடத்திட்டத்தைத் தொடரட்டும், நேரத்தை மட்டும் ஊருக்கு ஏற்ப மாற்றட்டும். சிங்கப்பூருக்குத் திரும்பும் பிள்ளைக்கு அங்கே தாய்மொழிப் பாடமாகத் தமிழ் காத்திருக்கிறது. இங்கே கிடைக்கும் தமிழ் வீணாகாது. மருத்துவம் படிக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு கவலை. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் எழுதலாமா என்ற வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, 2024இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. அதைவிடப் பெரிய தடை பலர் கவனிக்காத இடத்தில் இருக்கிறது. 2021 மார்ச் 4ஆம் தேதி அறிவிக்கைக்குப் பிறகு ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான) அட்டை பெற்றவர்கள், நீட் போன்ற தேர்வுகளில் வெளிநாடு வாழ் இந்தியருக்கான இடங்களுக்கோ மிகைப்படி (supernumerary) இடங்களுக்கோ மட்டுமே போட்டியிட முடியும். எந்த வாரியத்தில் படித்தாலும் இது மாறாது. பிள்ளையின் கடவுச்சீட்டைப் பற்றிய இந்த முடிவைப் பாடத்திட்டத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

பேசாமல் பள்ளியில் சேர்த்துவிடலாமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. பிள்ளைக்கு எட்டு வயதுக்குள் என்றால், தமிழ் பேச வராது என்றால், இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஓராண்டு உள்ளூர்ப் பள்ளியில் உட்கார்ந்து எழுந்தால் வரும் தமிழை வீட்டில் மூன்றாண்டு முயன்றாலும் கொண்டுவர முடியாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் முதலான படிப்புகளில் மாநில அரசு தரும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் வீட்டில் படிப்பவர்களுக்குக் கிடையாது. நீண்ட காலம் தங்கப்போகிறவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பேச்சுத் தமிழ் இருந்து எழுத்து மட்டும் வராத பத்து வயதுப் பிள்ளைக்கு வீடு போதும். தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே அடிப்படையிலிருந்து படிப்படியாகப் பாடம் வைத்திருக்கிறது. பிள்ளை தனிமைப்பட்டுவிடுமோ என்ற அச்சத்துக்கும் விடை மாலை நேரத்தில் இருக்கிறது. தெருவில் பிள்ளைகள் இறங்கும் நேரத்தில் இந்தப் பிள்ளையும் இறங்க முடிந்தால் தனிமை வராது.

வெயில் தாங்காது, மலைப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்பதும் இங்கே பழைய யோசனை. 1706இல் சமயப் பணியாளர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதற்கும் முன்பிருந்தே ஐரோப்பியக் குடும்பங்கள் இந்தக் கடற்கரையிலும் படுகையிலும் வாழ்ந்திருக்கின்றன. பிள்ளையைத் தாய்நாட்டுக்கு அனுப்புவதா, உடன் வைத்துக்கொள்வதா என்பது சமயப் பணியாளர் குடும்பங்களுக்குத் தீராத கேள்வியாக இருந்தது. 1901இல் அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் கொடைக்கானலில் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய உறைவிடப் பள்ளி அதற்கு ஒரு விடை. குளிர்ந்த காற்றும் தரமான படிப்பும் கிடைத்தன. ஆனால் பெற்றோர் வேலை செய்த ஊர், பிள்ளைக்கு விடுமுறையில் வந்துபோகும் ஊராகிவிட்டது. ஊரில் வாழ வேண்டும் என்பதற்காகவே வந்த குடும்பம் அந்த விலையைக் கொடுக்கக் கூடாது.

ஊரைத் தேர்வதில், தஞ்சாவூர் நகரத்துக்கும் உட்கிராமத்துக்கும் நடுவே ஆற்றோரப் பேரூர்களை நான் முதலில் வைப்பேன். நகரத்தில் சரசுவதி மகால் நூலகம், பெரிய கோயில், மருத்துவக் கல்லூரி, திருச்சி விமான நிலையத்துக்கு எளிய பயணம் எல்லாம் உண்டு. ஆனால் வயல் தூரம். உட்கிராமத்தில் வயல் வாசலில், அவசரத்துக்கு மருத்துவமனை தொலைவில். திருவையாறு தஞ்சையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அரசு இசைக் கல்லூரி அங்கேயே இருக்கிறது. காவிரிப் படித்துறையும் வயலும் நடக்கும் தூரம். சுவாமிமலை கும்பகோணத்தை ஒட்டியது. ஐம்பொன் சிலை வார்ப்பவர்களின் பட்டறைகள் அங்கே தெருக்களிலேயே உள்ளன. எந்த ஊராக இருந்தாலும், புதுத்தண்ணீர் வருவதற்கு முன் பிள்ளைக்கு நீச்சல் கற்பித்தாக வேண்டும். வாய்க்காலில் ஒரே நாளில் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிடும். வயலோரம் குடியிருப்பவர்கள் பாம்புக்கடி மருந்து இருக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வீடு பார்க்கும்போது மேல்தளத்துக் கான்கிரீட் கூரையைத் தவிர்த்து, முற்றமோ ஓட்டுக் கூரையோ உள்ள தரைத்தள வீட்டைக் கேளுங்கள். கோடையில் வந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காமல், முடிந்தால் ஐப்பசி அடைமழையில் ஒருமுறை போய்ப் பார்த்து, தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகு வாடகை பேசுங்கள்.