சிறைக்கூடத்துச் சோறும் செம்மண்புழுவும்

ஜெயில் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கம்பியும் களியும்தான். அந்தக் களி தட்டில் மீந்து போனால் எங்கே போகிறது என்று யாராவது யோசித்ததுண்டா? நம்ம ஹாஸ்டல் மெஸ் டிரம்மை தினமும் பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியமில்லை. தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை நண்பர்களுக்குச் சொல்கிறேன். மெக்கானிக்கல் மாணவன் ஏன் புழுவைப் பற்றி எழுதுகிறான் என்று சிரிக்காமல் படியுங்கள்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம். அங்குள்ள எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரியில் நளினி நட்கர்னி என்ற காட்டுச் சூழல் ஆய்வாளர் இருந்தார். 2004-ல் சீடார் க்ரீக் சிறைக் கைதிகளைக் கொண்டு பாசி வளர்க்கும் ஆராய்ச்சியை ஆரம்பித்தார். கல்லூரியும் சிறைத்துறையும் கைகோத்த அந்த வேலை மெல்ல மெல்ல மற்ற சிறைகளுக்கும் பரவியது. சியாட்டில் நகருக்குப் பக்கத்தில் மன்ரோ என்ற ஊர்ச் சிறையில் 2010-ல் சுமார் 200 மண்புழுக்களோடு ஒரு உரப் பண்ணை தொடங்கினார்கள். சில வருஷங்களில் புழுக்கள் பத்து லட்சங்களைத் தாண்டிப் பெருகிவிட்டன. தொட்டிகளைக் கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து கைதிகளே செய்தார்கள். நமக்கு விஷயம் இருப்பது அந்தத் தொட்டியில்தான்.

சாதாரணக் குழியில் உரம் எடுக்க வேண்டுமானால் புழுவையும் உரத்தையும் சலித்துப் பிரிக்கணும். அது பெரிய தொல்லை. இந்தத் தொட்டிக்கு அடித்தட்டு கிடையாது, கம்பி வலைதான். புழு எப்போதும் புதுத் தீனியைத் தேடி மேலே வரும். அதனால் கழிவை மேலே மெல்லிய அடுக்காகப் பரப்புகிறார்கள். பல வாரம் கழித்து, வலைக்குச் சற்று மேலே ஒரு கம்பியை இழுத்தால் பக்குவமான உரம் கீழே உதிர்ந்துவிடும். புழு மேலேயே இருக்கும். மோட்டார் இல்லாமலே ஓடும் கன்வேயர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஆனால் புழு எல்லாவற்றையும் தின்னாது. எண்ணெய், உப்பு, இறைச்சி, எலுமிச்சைத் தோல் ஆகாது. காய்கறிக் கழிவு தழைச்சத்து மிகுந்தது. கார்பன்-நைட்ரஜன் விகிதம் 25 முதல் 30-க்கு 1 என்ற அளவில் வர, கிழித்த காகிதமோ அட்டையோ கலக்க வேண்டும். கனமாகக் கொட்டினால் சூடேறிப் புழு செத்துப் போகும்.

புழு ஒதுக்குவதைக் காற்றுப் புகாத கலன் ஏற்றுக்கொள்ளும். ருவாண்டா நாட்டில் கிகாலி தொழில்நுட்பக் கழகத்தார் சிறைகளில் நிலத்தடியில் தேன்கூடு வடிவக் கலன்களை வரிசையாக இணைத்துக் கட்டினார்கள். முதலாவது 2001-ல் ஓடத் தொடங்கியது. அங்கே முக்கியத் தீனி கழிப்பறைக் கழிவு. அதில் வந்த எரிவாயு, சிறைச் சமையலுக்கான விறகில் ஏறக்குறையப் பாதியை மிச்சப்படுத்தியது. 2005-ல் இதற்கு ஆஷ்டன் விருது கிடைத்தது. கட்டும் வேலையில் கைதிகளும் இருந்தார்கள்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு ஒரு உறுத்தல். புழுவைப் புகழ்கிறோம், சரி. தட்டில் ஏன் மீந்தது? வெளியே நமக்குப் பிடிக்காவிட்டால் "போதும்ண்ணே" என்று கையை மறைத்துக்கொள்ளலாம். கைதிக்கு எல்லாம் அளந்து வைத்த தட்டாக வரும். பசியோ இல்லையோ, மணியடித்த நேரத்தில் உட்காரணும், குறித்த நிமிஷத்தில் எழுந்துவிடணும். அறைக்கு எடுத்துப்போய் அப்புறம் சாப்பிடலாம் என்றால் பெரும்பாலும் அதற்கும் அனுமதி கிடையாது. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவன் தட்டில்தானே மிச்சம் வரும்? இன்னொன்றும் சொல்லணும். அந்த மிச்சத்தை உரமாக்கிய கைதிக்குக் கிடைத்த கூலி மணிக்கு ஒரு டாலருக்கும் குறைவு.

அதனால் தொட்டி கட்டுவதற்கு முன் தராசு வேண்டும் என்பது என் கட்சி. எந்தப் பதார்த்தம், எந்த வேளை, எவ்வளவு மீந்தது என்று ஒரு வாரம் நிறுத்துப் பார்க்கணும். பிறகு பரிமாறும் கரண்டியைச் சின்னதாக்கி, கேட்டவருக்கு இன்னொரு கரண்டி போட்டால் போதும். இதற்கு டிப்ளமோ கூடத் தேவையில்லை!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது என் உதாரணம்தான், எந்தச் சிறையின் புள்ளிவிவரமும் அல்ல. ஆயிரம் பேர், ஆளுக்கு நாளைக்கு 100 கிராம் மிச்சம், மொத்தம் 100 கிலோ. புழு ஒரு நாளில் தன் எடையில் பாதியளவு தின்னும் என்றால் 200 கிலோ புழு வேண்டும். சதுர மீட்டருக்கு 5 கிலோ புழு வீதம் 40 சதுர மீட்டர் தொட்டி. கரண்டியை மாற்றி மிச்சத்தை 60 கிராமாகக் குறைத்தால் 120 கிலோ புழு, 24 சதுர மீட்டர். பாக்கி 16 சதுர மீட்டரை நாம் வெல்டிங் பண்ணவே வேண்டாம்.