சங்கம் இன்னமும் நமக்குத் தேவையா?

"மாசா மாசம் சந்தா கட்டுறோம். பெரிய தலைவருங்க எலக்சனுக்குத்தான் வாறாங்க. அப்புறம் எதுக்குச் சங்கம்?" கண்டிப் பக்கத் தோட்டங்களில் இளைஞர்கள் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. பதில் சொல்லுமுன் ஹேவாஹெட்டைப் பக்கம் கொஞ்சம் போய் வருவோம்.

அங்கே முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். அதன் முன்னால் கோவிந்தனின் மனைவிக்காக எழுந்து பேசியவர், சமசமாஜக் கட்சித் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. லயத்துப் பெண் ஒருத்தி அந்தக் காலத்தில் தனியாகப் போய் அங்கே நிற்க முடிந்திருக்குமா?

பெண்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. 1984 ஏப்ரலில் சங்கங்கள் ஒன்றாக நின்று வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் அது சமமானது. (கொழுந்துக் கூடை சுமப்பது பெண்கள், தோட்டத் தலைவர் பதவி மட்டும் ஏன் ஆண்களுக்கே போகிறது என்று நாமும் கேட்கத்தான் செய்கிறோம்.)

"இப்போ சம்பளத்தைக் கொழும்புல சம்பள நிர்ணய சபையே சொல்லிடுதே?" உண்மைதான். 2021இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. சபை மூலம் அந்த வருசம் ரூ. 1,000, 2024இல் ரூ. 1,350 என்று வந்தது. ஆனால் ஒரு பேருக்கு எத்தனை கிலோ, தண்ணிக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிப்பது, குறைந்தால் அரைப்பேரா என்பதெல்லாம் கொழுந்து நிறுக்கும் இடத்தில்தான் முடிவாகிறது. அங்கே ஒருத்தி வாய் திறந்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்பார்கள். இருபது பேர் சேர்ந்து கேட்டால் தராசைத் திரும்பப் பார்த்தே ஆகணும்.

சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆனால் தொழிலாளரில் நூற்றுக்கு 40 பேர் ஒரு சங்கத்தில் இருந்தால்தான் நிர்வாகம் அதனோடு பேச மறுக்க முடியாது. 1999இல் வந்த சட்டம் அது. ஒரே லயத்தில் மூன்று சங்கம் என்றால் நாற்பது எங்கே வரும்? நமக்கு இதுதான் பெரிய கவலை.

அடுத்த தோட்டக் கமிட்டியில் இதைக் கேளுங்கள்: நம்ம தோட்டத்தில் எந்தச் சங்கத்தில் எத்தனை பேர்? போன வருசச் சந்தாக் கணக்கை யார் பார்த்தது? ரசீதையும் கையோடு கொண்டு போங்கள்.