ஸ்கோர் எழுத எந்த மென்பொருள்?

2024 ஆகஸ்ட் 26 அன்று, ஃபினாலே மென்பொருளை இனி வளர்க்கப் போவதில்லை என்று மேக்மியூசிக் நிறுவனம் அறிவித்தது. 1988இல் வந்த மென்பொருள் அது. ஒரு தலைமுறை இசையமைப்பாளர்களும் அரேஞ்சர்களும் அதில்தான் ஸ்கோர் எழுதக் கற்றார்கள். பல லட்சம் வரிகள் சேர்ந்துவிட்ட பழைய நிரலை, மாறிக்கொண்டே இருக்கும் இயங்குதளங்களுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டிருப்பது இனி ஆகாது என்பது நிறுவனம் சொன்ன காரணம். ஓராண்டு கழித்துப் புதிய கணினியில் அதைப் பதிவுசெய்யக்கூட முடியாது என்றும் முதலில் சொன்னார்கள். பெரும் எதிர்ப்பு கிளம்பவே மறுநாளே அந்தக் கெடுவை எடுத்துவிட்டார்கள். ஆறுதலாகக் கிடைத்தது, போட்டி மென்பொருளான டோரிகோவின் உயர்நிலைப் பதிப்பை 149 டாலருக்கு வாங்கிக்கொள்ளும் சலுகை.

புதிதாக மென்பொருள் தேடுகிறவர் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டே தேட வேண்டும். எதில் வேகமாக எழுதலாம், எது நன்றாக வாசித்துக் காட்டுகிறது என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எழுதியதை நாளைக்கு வெளியே எடுக்க முடியுமா என்பதை அதற்கும் முன்னால் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

வெளியே எடுக்கும் பொது வழி மியூசிக்எக்ஸ்எம்எல். மைக்கேல் குட் உருவாக்கிய இந்தக் கோப்பு வடிவத்தின் முதல் பதிப்பு 2004இல் வந்தது. 2011இல் அதை வாங்கியது வேறு யாருமில்லை, ஃபினாலேயின் உரிமையாளரான மேக்மியூசிக்தான். 2015இல் அது உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பொறுப்புக்குப் போனது; இன்று யாருக்கும் சொந்தமில்லாத பொது வடிவம். ஸ்வரம், கால அளவு, ஸ்லர், பாடல் வரி எல்லாம் இதில் பெரும்பாலும் பத்திரமாகப் போய்ச் சேரும். பக்கத்தை அழகாக்க நீங்கள் கையால் நகர்த்தி வைத்த நுணுக்கங்களில் பாதிக்கு மேல் போகாது. ஆகவே ஒவ்வொரு படைப்பும் முடிந்ததும் மூலக் கோப்போடு மியூசிக்எக்ஸ்எம்எல் ஒன்றும் பிடிஎஃப் ஒன்றும் எடுத்து வைத்துவிடுங்கள். எந்த மென்பொருளை வாங்கினாலும் இது பொருந்தும்.

இனி மென்பொருள்கள். இளையராஜா போல ஸ்கோரைத் தாளில் பேனாவால் எழுதிவிடுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

சிபீலியஸை எழுதியவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த பென் ஃபின், ஜோனதன் ஃபின் என்ற இரட்டைச் சகோதரர்கள். 1993இல் ஏகான் கணினிகளுக்காக வந்து, பிறகு விண்டோஸுக்கும் மேக்குக்கும் பரவியது. 2006இல் அவிட் நிறுவனம் வாங்கியது. இன்றும் திரையிசை உலகில் இதில் எழுதுகிறவர்கள் ஏராளம். உங்கள் ஸ்கோர் வேறொரு ஊரின் ஆர்க்கெஸ்ட்ராவுக்கோ ஆர்க்கெஸ்ட்ரேட்டருக்கோ போகப் போகிறது, அவர்கள் சிபீலியஸ் கோப்புதான் கேட்கிறார்கள் என்றால் விவாதமே வேண்டாம், சிபீலியஸைக் கற்றுக்கொள்ளுங்கள். எண்பலகையில் விரல் பழகிவிட்டால் வேகம் அபாரம். ஆளைப் பொறுத்த மூன்று நிலைகளில் கிடைக்கிறது, அடிநிலை இலவசம்.

ஆனால் 2012இல் அவிட் நிறுவனம் சிபீலியஸின் லண்டன் அலுவலகத்தை மூடி, அதை வளர்த்த குழுவை வீட்டுக்கு அனுப்பியது. அந்தக் குழுவின் பெரும்பகுதியை யமஹாவுக்குச் சொந்தமான ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் வேலைக்கு எடுத்தது. டேனியல் ஸ்ப்ரெட்பரி உள்ளிட்ட அந்தக் குழு, முதல் வரியிலிருந்து புதிதாக எழுதி 2016இல் வெளியிட்டதுதான் டோரிகோ.

டோரிகோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம், அது இசையைப் புரிந்துகொள்ளும் விதமே வேறு. பழைய மென்பொருள்களில் ஒவ்வொரு பாரும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஸ்வரங்களை அடுக்குகிறோம். ஒரு ஸ்வரம் அடுத்த பாருக்குள் நீண்டால், அது டை போட்டு இணைத்த இரண்டு ஸ்வரங்கள். டோரிகோவுக்கு அது ஒரே ஸ்வரம்; பாரைப் பிரிக்கும் கோடு நடுவில் வந்ததால் இரண்டாக வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். தாளத்தை மாற்றினால் எங்கே உடைப்பது, எங்கே சேர்ப்பது, பீம்களை எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் அதுவே மறுபடி முடிவுசெய்யும். நம் ஆட்களுக்கு இது எங்கே பயன்படும் என்றால், மிஸ்ர சாபுவில். ஏழு எட்டில் என்று மட்டும் சொல்லாமல் 3+2+2 என்று பிரித்துத் தட்டினால், பீம்கள் தகிட தக திமி என்றே கட்டிக்கொள்ளும். வயலின்காரர் எண்ணாமலே பிடித்துக்கொள்வார். மற்றவற்றிலும் இதைச் செய்யலாம். இங்கே கேட்காமலே நடக்கிறது.

இன்னொன்று, ஃப்ளூட் இரண்டையும் தனித்தனி வரிகளில் எழுதிவிட்டால், கண்டக்டரின் ஸ்கோரில் மட்டும் இரண்டையும் ஒரே வரிக்குள் ஒடுக்கித் தருவது. 2019இல் மூன்றாம் பதிப்போடு வந்த வசதி. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறவர்களுக்கு இதற்காக மட்டுமே டோரிகோ வாங்கலாம். ஆனால் பழகும் வரை எரிச்சலூட்டும். எழுதுவதற்கு ஒரு முகம், பக்கத்தைச் சீராக்க வேறொரு முகம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்; சிபீலியஸில் ஊறியவர்கள் முதல் வாரத்தில் திட்டுவார்கள். வாத்தியக்காரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த இலவசப் பதிப்பு உண்டு. நால்வர் குழுவுக்கு அதுவே தாராளம்.

மியூஸ்ஸ்கோர் முழுக்க இலவசம், நிரலும் திறந்தது. 2002இல் வெர்னர் ஷ்வீர் தொடங்கியது. நெடுங்காலம் ‘காசில்லாதவர்களின் சிபீலியஸ்’ என்ற இளக்காரம் அதன் மீது இருந்தது. 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பு அந்த இளக்காரத்தைத் துடைத்துவிட்டது. பக்க அமைப்பு சீரானது. இலவசமாகவே தரும் வாத்திய ஒலிகள், சில ஆண்டுகளுக்கு முன் காசு கொடுத்து வாங்கியவற்றையே வெட்கப்பட வைக்கின்றன. கோப்பும் திறந்த வடிவம்தான்: சுருக்கியிருப்பதை விரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் தெரியும். ஒரு எச்சரிக்கை: ஸ்கோர்களைப் பகிரும் வலைத்தளம் ஒன்றும் இதே பெயரில் இருக்கிறது, அது சந்தா கேட்கும். மென்பொருளுக்குச் சந்தா கிடையாது. யாராவது கேட்டால் தவறான கதவைத் தட்டியிருக்கிறீர்கள். மாணவர், சேர்ந்திசைக் குழு நடத்துகிறவர், கீபோர்டு ஆசிரியர் எல்லோருக்கும் என் பதில் இதுதான். காசைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

லில்லிபாண்ட் வேறு ஜாதி. 1996இல் நெதர்லாந்தின் இரண்டு இசைக்காரர்கள், கணினி அச்சிடும் ஸ்கோர்கள் உயிரற்றுக் கிடக்கின்றன, பழைய செப்புத்தகட்டுச் செதுக்கலின் அழகு போய்விட்டது என்று நொந்து தொடங்கியது. இதில் திரையில் ஸ்வரத்தை இழுத்து வைக்க முடியாது; எழுத்தும் எண்ணுமாகத் தட்டச்சு செய்ய வேண்டும், அது கணக்குப் போட்டுப் பக்கம் வரைந்து தரும். இசையமைத்துக்கொண்டே எழுதுகிறவருக்கு உகந்ததல்ல. இருநூறு கீர்த்தனைப் பாடல்களை ஒரே அச்சில் புத்தகமாக்க வேண்டும் என்றால் இதற்கு ஈடு இல்லை. ஓரிடத்தில் பாணியை மாற்றினால் இருநூறும் மாறும். கோப்பு வெறும் உரை. எந்த நிறுவனம் மூடினாலும் திறக்கும்.

தமிழில் பாட்டு எழுதுகிறவர்கள் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ மூன்றையும் ஸ்வரங்களுக்குக் கீழே தட்டிப் பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். கொம்பு தனியே விலகி, புள்ளி வட்டம் தெரிந்தால் அந்த மென்பொருளோ எழுத்துருவோ தமிழுக்கு ஆகாது. திரையில் சரியாகத் தெரிவதை நம்பாதீர்கள். பிடிஎஃபில்தான் குட்டு உடையும். அசை பிரிக்கும்போது மெய்யெழுத்தை முந்தைய அசையோடு சேர்த்துவிடுங்கள்: ‘பக்-கம்’, ‘அம்-மா’.

கடைசியாக, மென்பொருளை எழுத நினைப்பவர்களுக்கு. ஸ்கோர் வரையும் இயந்திரத்தை முதலிலிருந்து கட்டக் கிளம்பாதீர்கள். ஒரு ஸ்வரம் கொஞ்சம் நகர்ந்தால் அதன் ஸ்லர், அதன் கீழிருக்கும் வரி, அந்தப் பார், அந்தப் பக்கம், சில சமயம் அடுத்த பக்கமும் நகர வேண்டும். தேர்ந்த குழுக்களே ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டும் வேலை அது. இணையப் பக்கத்தில் நாலு பார் காட்டினால் போதும் என்றால் ஜாவாஸ்கிரிப்டில் வெக்ஸ்ஃப்ளோ இருக்கிறது. முழு ஸ்கோரும் வேண்டும் என்றால் சுவிட்சர்லாந்தில் உருவான வெரோவியோ. ஸ்வரங்களை அலச வேண்டும் என்றால் பைத்தானில் மியூசிக்21. இருக்கும் மென்பொருளுக்குத் துணைநிரல் எழுதுவதானால் சிபீலியஸ், மியூஸ்ஸ்கோர், லில்லிபாண்ட் மூன்றுமே அதற்கு வழி வைத்திருக்கின்றன.

நம் ஊர்க்காரர் கைவைக்கத் தகுந்த வேலை ஒன்றும் காத்திருக்கிறது. கமகத்தை ஸ்டாஃபில் எழுதுவது எப்போதுமே அரைகுறைதான். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலில் ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி வகுத்தார். அந்தக் குறிகளைக் கணினிக்குக் கொண்டுவர இன்று வழி இருக்கிறது. டோரிகோவை உருவாக்கும்போதே பிறந்த ஸ்மூஃபல் என்ற பொது ஏற்பாடு, எந்த இசைக்குறி எழுத்துருவில் எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. அதற்கு முன்பு எழுத்துருவுக்கு எழுத்துரு எண்கள் வேறாக இருந்தன. ஒன்றை மாற்றினால் ஸ்கோரே குழம்பிப்போகும். அவரவர் சொந்தக் குறிகளுக்கென்றும் அதில் ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டின்படி 2013இல் வந்த பிராவுரா எழுத்துருவின் உரிமம், வேறு பெயரில் அதைத் திருத்தி வெளியிட அனுமதிக்கிறது. தீட்சிதரின் குறிகளை அந்த இடத்தில் வரைந்து சேர்த்துவிட்டால், ஸ்மூஃபலை ஏற்றுக்கொண்ட மென்பொருள்களில் ஸ்வரத்தின் தலைக்கு மேலே அவற்றை வைக்கலாம். வாசித்துக் காட்டும்போது கமகம் கேட்காது, தாளில் இருக்கும்.