வெயிலால் தண்ணீரைச் சுத்தம் செய்ய முடியுமா?

தெளிவாக இருக்கும் தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. நிறமும் வாசமும் இல்லாத இரசாயனங்கள் அதில் கலந்திருக்கலாம். அவற்றுள் சில, உடலின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடியவை.

ஹார்மோனைக் குழப்புவது என்றால் என்ன?

ஹார்மோன்கள் உடலுக்குள் செய்தி கொண்டு செல்பவை. வளர்ச்சி, இரத்தத்தில் சர்க்கரையின் அளவு, பிள்ளைப்பேறு ஆகியவற்றை அவை நடத்துகின்றன. சில இரசாயனங்கள் ஹார்மோனைப் போல நடித்து, உடலுக்குப் பொய்ச் செய்தி கொடுக்கின்றன. கருவில் இருக்கும் குழந்தையும் சிறு பிள்ளைகளும் இதனால் எளிதில் பாதிக்கப்படுவார்கள். ஆகவே, வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

சிலவகைப் பிளாஸ்டிக், சில பூச்சிக்கொல்லிகள், கழிவுநீரில் கலக்கும் மருந்துகள் ஆகியவற்றிலிருந்து இவை ஆற்றுக்கு வருகின்றன. பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் 'பிஸ்பீனால் ஏ' ஓர் உதாரணம். அது கலந்த பால் புட்டிகளுக்கு மலேசியாவில் 2012 மார்ச் 1 முதல் தடை உள்ளது. அண்டை மாநிலமான சிலாங்கூரின் லங்காட் ஆற்றிலும் இப்பொருளை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

வெளிச்சம் எப்படி உதவுகிறது?

வெள்ளைச் சாயத்தில் சேர்க்கும் டைட்டானியம் டைஆக்சைடு என்ற தூள்மீது புற ஊதா ஒளி பட்டால், தண்ணீரிலிருந்தே வீரியம் மிக்க துகள்கள் உண்டாகின்றன. அவை இரசாயனத்தைத் துண்டு துண்டாக உடைக்கின்றன. வேலை முடிந்தபின்பும் தூள் அப்படியே இருக்கும். இப்படி உதவும் பொருளை 'வினையூக்கி' என்பர். டைட்டானியம் டைஆக்சைடும் ஒளியும் சேர்ந்து தண்ணீரையே பிரிக்கும் என்பதை ஜப்பானியரான புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் வெளியிட்டனர். அதன்பிறகே இந்தத் துறை வேகமாக வளர்ந்தது.

ஆனால் வெயிலில் புற ஊதா ஒளி சுமார் 5 விழுக்காடுதான். கலங்கிய நீருக்குள் அது நன்றாகப் புகாது. தூளைத் தண்ணீரிலிருந்து மீண்டும் பிரித்தெடுக்க வேண்டும். பாதி உடைந்த பொருள்கள் மிஞ்சவில்லை என்றும் சோதிக்க வேண்டும். ஆகவே இது நிபுணர்களின் கையில் இருக்க வேண்டிய வேலை. எந்தத் தூளையும் வாங்கிக் குடிநீரில் போடாதீர்கள்.

இன்றே நீங்கள் செய்யக்கூடியவை

1. குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துங்கள். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். இந்த இரசாயனங்கள் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

2. செம்பனை, ரப்பர் மரங்களுக்கு மருந்து அடித்த கேனை எவ்வளவு கழுவினாலும் அதில் தண்ணீர் பிடிக்காதீர்கள். களைக்கொல்லியான பாராகுவாட் 2020 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய கேன் கொட்டகையில் கிடந்தால், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துத் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

3. மிஞ்சிய மாத்திரைகளைக் கால்வாயிலோ கழிவறையிலோ கொட்டாதீர்கள். சுகாதார கிளினிக்கின் மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்.

4. சூடான உணவையும் பானத்தையும் பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள். கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரங்கள் நல்லவை.

சிரம்பானைக் கடந்து ஓடும் லிங்கி ஆறு, கீழே உள்ளவர்களின் குடிநீருக்கும் மூலம். நாம் கொட்டாத மருந்தை யாரும் வடிகட்ட வேண்டியதில்லை.